விழும்வரை பார்த்தவன்

இந்தக் கதையை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றின் வசந்தத்தில், ஜெர்மானியர்களோடு போர் நடந்த குபான் சமவெளியில், எங்கள் போர் விமானப் படைப்பிரிவின் அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். சிலவற்றைக் கண்ணால் பார்த்தேன். மீதியை எங்கள் விமானி ரோதியோன் பதினெட்டு வருடம் கழித்து ஒரு ரயில் நிலையத்தில், ரயில் மூன்று மணி நேரம் தாமதமான ஒரு பகலில், விட்டு விட்டுச் சொன்னான். அதில் எது அன்று நடந்தது, எது அவன் பிற்பாடு தனியாக உட்கார்ந்து சேர்த்துக்கொண்டது என்று அவனுக்கே தெரியவில்லை. மே மாதம் நான்காம் தேதியா ஐந்தாம் தேதியா என்பதில்கூட எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

அந்தக் காலை அவன் கேப்டன் குட்லாயின் பின்னால் பறந்துகொண்டிருந்தான்.

ஜோடியாகத்தான் பறப்பார்கள். முன்னால் போகிறவன் சுடுவான். பின்னால் போகிறவன் அவன் முதுகைக் காப்பான். யெஃப்ரேம் குட்லாய் போல்தாவா பக்கத்துக்காரர், அவர் சுட்டு வீழ்த்தியதாகக் கணக்கில் பதின்மூன்று ஜெர்மன் விமானங்கள். உண்மையில் குறைந்தது பதினெட்டு இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் விழுந்த இடத்தைச் சொல்லி, தரைப்படையிடம் கையெழுத்து வாங்கி, அல்லது இடிபாட்டிலிருந்து இன்ஜின் தகட்டைக் கழற்றிக் கொண்டுவந்தால்தான் அது கணக்கில் ஏறும். அதனால் எங்கள் விமானிகளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சுட்ட விமானம் எங்கே விழுகிறது என்று கடைசிவரை பார்ப்பது. குட்லாய் மட்டும் பார்க்கமாட்டார். "விழுந்தா விழட்டும், நீ என் முதுகைப் பாருடா" என்று ரோதியோனிடம் பத்துத் தடவையாவது கத்தியிருப்பார். ரோதியோனுக்கு வயது இருபத்திரண்டு. கணக்கில் ஒன்றுமில்லை.

ஆறு இல்யூஷின் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆற்றைத் தாண்டும்போது சூரியனுக்குள்ளிருந்து இரண்டு மெஸ்ஸர்கள், ஜெர்மன் போர் விமானங்கள், இறங்கின.

"மேல ரெண்டு. ஒட்டிக்கிட்டு வா" என்றார் குட்லாய் வானொலியில்.

ஒட்டிக்கொண்டு போனான். முதல் சுற்றில் குண்டுகள் இறக்கைக்கு மேலே வெள்ளைக் கோடுகளாகக் கடந்தன. இரண்டாவது சுற்றில் குட்லாய் ஒருவனைக் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டார். அப்போது இடப்பக்கம் கீழிருந்து மூன்றாவதாக ஒரு மெஸ்ஸர் குறுக்கே வந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே மெல்லிய கறுப்புப் புகை. முழு வேகத்தில் ஓடும் மெஸ்ஸர்கள் அப்படித்தான் புகை விடும். அது கேப்டனின் பக்கம் மூக்கைத் திருப்பியது. அப்படித்தான் ரோதியோன் பார்த்தான். அல்லது பார்த்ததாக நினைத்தான்.

திசைமிதியைக் காலால் உதைத்துத் திரும்பி அதன் பின்னால் போனான். முதல் குண்டுத் தொடர் வீணானது. இரண்டாவது தொடர் விமானி அறைக்குள் இறங்கியது. கண்ணாடி வெடித்தது. உள்ளேயிருந்து சிவப்பாக ஏதோ வந்து மிச்சமிருந்த கண்ணாடியில் அறைந்து வழிந்தது. மெஸ்ஸர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மல்லாந்து, கீழே போகத் தொடங்கியது.

ரோதியோன் இறக்கையைச் சாய்த்துக் கீழே பார்த்தான். ரயில் பாதை வளைகிற இடம். உடைந்த தண்ணீர்த் தொட்டிக் கோபுரம். அதற்கு மேற்கே நாணல் காடு தொடங்குமிடம். ஒவ்வொன்றையும் மனதில் குறித்துக்கொண்டான். மெஸ்ஸர் சுழன்று சுழன்று போய் நாணல் ஓரத்தில் மோதியது. சேறும் தீயும் ஒன்றாக எழுந்தன.

"ரோத்யா, எங்கடா இருக்கே?"

வானொலியில் கேப்டனின் குரல் ஒரே ஒரு தடவைதான் வந்தது. திரும்பிப் பார்த்தபோது கேப்டனின் யாக் விமானம் மூக்கிலிருந்து வால்வரை எரிந்துகொண்டிருந்தது. குட்லாய் அறைக்குள் எழுந்து நின்றார். தோளும் தலையும் எரிந்தன. வெளியே பாய்ந்தார். பாராசூட் விரிந்தது, விரிந்தவுடன் அதன் விளிம்பிலும் தீ ஓடியது. துணி கந்தலாகிச் சுருண்டது. எரிகிற மனிதர் ஆற்றுக்கு இந்தப் பக்கம், எங்கள் படை பிடித்திருந்த தரையில், கல்லைப் போல விழுந்தார். மெஸ்ஸர்கள் இரண்டும் மேற்கே போய்விட்டன.

விமானதளத்தில் கேப்டனின் மெக்கானிக் சவேலிச், சக்கரத்துக்கு வைக்கும் கட்டைகளைக் கையில் பிடித்தபடி காலியான இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கிய மனிதர். ரோதியோன் இறங்கியதும் அருகில் வந்தார்.

"ரெண்டு பேருல்ல போனீங்க?"

ரோதியோன் அவரைத் தாண்டி நடந்தான். சவேலிச் கட்டைகளைக் கீழே போடவே இல்லை.

படைப்பிரிவுத் தளபதி மேஜர் பெரெகுதோவ் தன் கூடாரத்தில் அவனை நிற்கவைத்துப் பேசினார். அவரும் குட்லாயும் ஒரே பள்ளியில் பறக்கக் கற்றவர்கள்.

"தலைவனை விட்டுட்டு வந்த துணைவிமானிக்கு என்னன்னு தெரியுமில்ல?"

"தெரியும், தோழர் மேஜர். நான் விட்டுட்டு ஓடல. கேப்டன் பின்னால ஒருத்தன் வந்தான். அவனை அடிச்சேன்."

"யார் பார்த்தா?"

"நான் பார்த்தேன்."

"உன்னைக் கேக்கல. சாயங்காலம் விசாரணை அதிகாரி வர்றார். அவர்கிட்ட வெறும் வாயால சொன்னா தண்டனைப் படைதான், முன்வரிசையில சாகறதுக்கு. ஒரு தகடு காட்டு. சண்டை போட்டுட்டுத்தான் வந்தேன்னு நான் எழுதறேன். அதுக்கு மேல என்னால ஆகாது. லாரி ஒண்ணு தர்றேன், சவேலிச்சைக் கூட்டிட்டுப் போ. இடம் தெரியுமா?"

"தெரியும்."

"சரியா தெரியுமா?"

"ரயில் பாதை வளைவு, தொட்டிக் கோபுரம், மேற்கால நாணல் ஓரம்."

மேஜர் கையை அசைத்துப் போகச் சொன்னார்.

இரண்டு மணி நேரப் பயணத்தில் சவேலிச் பேசியது இரண்டே தடவை. "கேப்டனோட ரெண்டாவது சட்டை துவைச்சுக் காயப்போட்டிருக்கேன்" என்றார் ஒரு தடவை. இன்னொரு தடவை, பாதையில் செத்துக் கிடந்த குதிரையைச் சுற்றிப் போகும்போது, கெட்ட வார்த்தை சொன்னார். ரோதியோன் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடினால் அந்தக் குரல் கேட்டது. திறந்து வைத்திருந்தாலும் கேட்டது.

நாணல் ஓரத்தில், மிதவைப் பாலத்துக்குக் காவலாக ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கி நின்றிருந்தது. மண் சுவர் வட்டம், உள்ளே பீரங்கி, அதைச் சுற்றி ஐந்து பெண்கள். சுவருக்கு வெளியே மழைத்துணியால் மூடிய இரண்டு உடல்கள். நூறு அடி தள்ளி மெஸ்ஸர் சேற்றில் மூக்கு நுனியைச் செருகிக் கிடந்தது. வால் முழுசாக இருந்தது. விமானி இன்னும் உள்ளேதான் இருந்தான். மார்பும் வயிறும் அறையின் பின்சுவரோடு நசுங்கிக் கிடந்தன. பூட்ஸ் இல்லை.

பீரங்கித் தலைவி சார்ஜென்ட் உஸ்தீன்யா அகலமான தோளுள்ள பெண். முகமெல்லாம் புகைக்கரி.

"யாருப்பா அது? வானத்து மாப்பிள்ளையா? சீர் வாங்க வந்தீங்களா?"

"நான் அடிச்ச விமானம் இது. இன்ஜின் தகடு வேணும்" என்றான் ரோதியோன்.

பெண்கள் சிரித்தார்கள். உஸ்தீன்யா சிரிக்கவில்லை. சட்டைப் பையைத் தட்டினாள். உள்ளே உலோகம் சத்தம் போட்டது.

"தகடு இங்க இருக்கு. நாங்க அடிச்சது. காலையில தாழப் பறந்து வந்து எங்க மேல சுட்டான். அதோ படுத்திருக்காளுக பாரு, ஒருத்தி ப்ரஸ்கோவ்யா, ஒருத்தி லூகேர்யா. லூகேர்யாவோட தாடையை அந்தச் சுவர்லதான் தேடி எடுத்தோம். திரும்பிப் போறப்ப வயித்துல ஒண்ணு வச்சேன். புகைஞ்சுகிட்டேதான் இங்கேயே வட்டம் போட்டு மேல ஏறினான். பின்னாடி நீ வந்து பொணத்தைச் சுட்டே."

"பொணமில்ல! என் கேப்டன் பக்கம் திரும்பினான்!"

"கேப்டன் எங்க?"

ரோதியோன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

சவேலிச் அதற்குள் இடிபாட்டுக்குப் போய்விட்டார். மண்டியிட்டு அடிவயிற்றின் தகரத்தை விரலால் தடவினார். விரலை முகர்ந்தார். பிறகு வால்வரை மெதுவாக நடந்து போனார். ரோதியோன் அருகில் வந்தபோது விரலால் காட்டினார். மூக்குக்குக் கீழே, ஆயில் குளிரூட்டி இருக்கும் இடத்தில், கிழிந்த பெரிய ஓட்டை. அங்கிருந்து ஆயில் வயிறு முழுக்கப் பரவி வால் நுனிவரை கறுப்பாகப் பூசியிருந்தது. ரோதியோனின் குண்டுகள் போட்ட ஓட்டைகள் அந்தக் கறுப்புக்கு நடுவே இருந்தன. அவற்றின் விளிம்பு வெள்ளையாக, புதுசாக மின்னியது. ஆயில் முதலில். குண்டுகள் பிறகு.

"சவேலிச்..." என்றான்.

அப்போது பீரங்கிப் பெண் ஒருத்தி கத்தினாள்.

"செருப்புக்காரனுங்க! மூணு பேரு!"

சக்கரங்களை உள்ளே மடக்காத, தடித்த செருப்புப் போட்டதுபோல் தெரியும் யுங்கர்ஸ் குண்டுவீச்சு விமானங்கள் அவை. ரோதியோன் எத்தனையோ தடவை அவற்றை மேலிருந்து பார்த்திருக்கிறான். கீழேயிருந்து பார்த்ததில்லை. முதல் விமானம் தலைகுப்புறப் பாயத் தொடங்கியது. அதன் ஊளை பல்லுக்குள் இறங்கியது. அவன் மண் சுவரைத் தாண்டிக் குதித்தான். பீரங்கி அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. நிலம் குதித்தது.

முதல் குண்டு ஆற்றில் விழுந்தது. இரண்டாவது சுவருக்கு வெளியே. மண் மழையாகக் கொட்டியது. எழுந்தபோது குண்டுப்பட்டை போடும் பெண் பீரங்கியின் மேல் சாய்ந்து கிடந்தாள். அவள் கழுத்துக்கு மேலே முகம் இருந்தது, ஆனால் முகத்தின் பின்பக்கம் இல்லை. உஸ்தீன்யா அவளை ஒரு கையால் இழுத்துக் கீழே தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

"ஏய் மாப்பிள்ளே! பட்டையை எடுத்துக் குடு! நிக்காதே!"

எடுத்துக் கொடுத்தான். ஐந்து குண்டுகள் கோத்த பட்டை, கனமானது, விளிம்பு கூர்மையானது. ஒன்று. இன்னொன்று. உள்ளங்கைத் தோல் உரிந்து உலோகத்தில் ஒட்டியது. மூன்றாவது விமானம் குண்டைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே போனது. சுவர் ஓரமாகத் தூசு வரிசையாக ஓடி வந்து உஸ்தீன்யாவின் காலில் முடிந்தது. அவள் உட்கார்ந்தாள். தொடை திறந்து கிடந்தது. உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. உட்கார்ந்தபடியே, "நிறுத்தாதீங்கடி!" என்று மற்ற பெண்களைப் பார்த்துக் கத்தினாள். ரோதியோன் பட்டை கொடுத்துக்கொண்டே இருந்தான். விமானங்கள் போய் வெகு நேரமான பிறகும் அவன் கையில் ஒரு பட்டை இருந்தது. யாரோ வாங்கிக் கீழே வைத்தார்கள்.

எந்த விமானமும் விழவில்லை. பாலம் பாதி இருந்தது. சுவரோரம் இன்னொருத்தியும் செத்துக் கிடந்தாள்; ஐந்து பெண்களில் மூவர் மிச்சம், அதில் ஒருத்தி உஸ்தீன்யா.

சவேலிச் தன் இடுப்புப் பட்டையைக் கழற்றி அவள் தொடையை இறுக்கினார். இருவரும் தூக்கி லாரியில் கிடத்தினார்கள். ரோதியோன் பின்னால் அவள் அருகில் உட்கார்ந்தான். மருத்துவக் கூடாரம் வரும்வரை அவள் முனகவில்லை. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து தகட்டை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"வச்சுக்க."

"இது உங்களுடையது."

"தெரியும் எங்களுதுன்னு. பட்டை போட்ட அக்சீன்யா நின்ன இடத்துல நீ நின்னே. செத்த பொண்ணுங்களுக்குத் தகடு எதுக்கு? எனக்குக் காலே போகப்போகுது." அவன் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு ஏதோ கண்டம் இருக்குன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கு. பொழைச்சுப் போ."

அவளை இறக்கிவிட்டு விமானதளம் திரும்பும் வழியில் ரோதியோன் முன்னால் உட்கார்ந்தான். பாதையின் இருபுறமும் சூரியகாந்தி விதைத்த நிலம், முளைத்தும் முளைக்காமலும். ரோதியோன் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எண்கள் கறையில்லாமல் தெளிவாக இருந்தன.

"ஆயில் வாலு வரைக்கும் போயிருந்தது" என்றார் சவேலிச் கடைசியில். "அடிபட்டு நாலஞ்சு நிமிஷமாவது பறந்திருக்கான். இன்ஜின் இறுகிப்போற நெலமை. வீட்டுக்குப் போயிட்டிருந்தான். யாரையும் துரத்தல."

"திரும்பினான். நான் பார்த்தேன்."

"பார்த்தியா?"

ரோதியோன் யோசித்தான். அந்த மூக்கு திரும்பியதை மனதில் மறுபடி ஓட்டிப் பார்த்தான். திரும்பியது. அப்புறம் இன்னொரு தடவை ஓட்டினான். இந்தத் தடவை திரும்பவில்லை. குறுக்கே நேராகப் போனது. மூன்றாவது தடவை, தான் அதைப் பார்ப்பதற்கு முன்பே தன் கால் உதைத்துவிட்டது போலத் தோன்றியது.

"சரி, அதை விடு" என்றார் சவேலிச். "அடிச்சே. அதுக்கப்புறம் ஏன் உடனே திரும்பல?"

"விழற இடம்..."

"ம்."

சவேலிச் கியர் மாற்றினார்.

"தகடு இருக்கு. பொழைச்சுக்குவே. நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. மெக்கானிக்கை யார் கேக்கப் போறா? ஆனா இனிமே என் மூஞ்சியைப் பார்த்துப் பேசாதே தம்பி."

விசாரணை அதிகாரி இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, ஜலதோஷம் பிடித்த மனிதர். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மூக்கைச் சிந்தினார். கூடாரத்தில் அவர், மேஜர், ரோதியோன், எழுதுவதற்கு நான். வாசலில் சவேலிச், தகடு கொண்டுவந்ததற்குச் சாட்சியாக, நின்றார். தகடு மேசையில் கிடந்தது. அதிகாரி அதைக் கையில் எடுத்துப் பார்த்துத் திருப்தியோடு வைத்தார்.

"நல்லது. சண்டை போட்டிருக்கான். தலைவனைக் காப்பாத்தப் போயிருக்கான், முடியல. போர்தானே. மேஜர், படிவத்தை நிரப்பிடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

மேஜர் கேட்கக் கேட்க நான் எழுதினேன். எந்த வகை விமானம். எத்தனை மணிக்கு. எந்த உயரத்தில். எங்கே விழுந்தது. ரோதியோன் சொன்னான். கடைசி வரி எல்லாப் படிவத்திலும் இருப்பதுதான்: விழுந்ததை விமானி நேரில் கண்டாரா.

"நேர்ல பார்த்தியா?" என்றார் மேஜர், காகிதத்தைப் பார்த்தபடியே.

"பார்த்தேன்."

நான் எழுதினேன்.

"தரையில மோதற வரைக்கும் பார்த்தேன்" என்றான் ரோதியோன். யாரும் அதைக் கேட்கவில்லை.

மேஜர் தலையை நிமிர்த்தினார். அதிகாரி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

"ரெண்டாயிரம் மீட்டர்லேர்ந்து விழுந்தது. எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?" என்று கேட்டார் மேஜர். குரல் மிகவும் தணிந்திருந்தது.

"பதினஞ்சு விநாடி. இருபதா இருக்கலாம். கேப்டன் என்னைக் கூப்பிட்டார். நான் கீழ பார்த்துட்டிருந்தேன்."

கூடாரத் துணி காற்றில் அடித்துக்கொண்டது. மேஜர் அவனைத் தடுக்க வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். எடுக்கவில்லை என்றும் தோன்றுகிறது.

"அப்புறம்... அவன் கேப்டன் பக்கம் திரும்பல. ஏற்கெனவே அடிபட்டு வீட்டுக்குப் போயிட்டிருந்தான். அது பீரங்கிப் பொண்ணுங்களோட விமானம். நான் கேப்டனை விட்டுட்டு அது பின்னால போனேன்."

"பைத்தியமா உனக்கு?" என்றார் அதிகாரி. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். "நான் கையெழுத்துப் போடப் போறேன்டா!"

நேர்மையினால் சொல்லவில்லை என்று ரோதியோன் ரயில் நிலையத்தில் என்னிடம் சொன்னான். அந்த வரி வந்தபோது வாய் தானாகத் திறந்துகொண்டது, அவ்வளவுதான் என்றான். களைப்பாக இருந்தது என்றும் சொன்னான். உள்ளங்கை எரிந்ததாம்.

மேஜர் படிவத்தை என் கையிலிருந்து வாங்கி இரண்டாகக் கிழித்தார். புதுக் காகிதம் ஒன்றை என் முன் தள்ளினார்.

"எழுது" என்றார் என்னிடம். "அவன் சொன்னதை அப்படியே எழுது."

எழுதினேன். வாசலைப் பார்த்தேன். சவேலிச் அங்கே இல்லை.

ரோதியோனின் பதவிப் பட்டைகளைக் கழற்றித் தண்டனைப் படைக்கு அனுப்பினார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு தாக்குதலில் அவனுக்கு வலது கையில் மூன்று விரல்களும் ஒரு கண்ணும் போயின. காயம்பட்டு ரத்தம் சிந்தினால் தண்டனை தீரும் என்பது அந்தப் படையின் விதி; அப்படித் தீர்ந்தது, பதவியும் திரும்பக் கிடைத்தது. விமானத்தில் மறுபடி ஏறவில்லை. போருக்குப் பின் சராத்தவில் ஒரு தானியக் கிடங்கில் எடை போடும் வேலை பார்த்தான். கல்யாணம் செய்துகொண்டான், இரண்டு பெண் பிள்ளைகள். கேப்டன் குட்லாயை விமானதளத்துக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பின்னால் புதைத்தோம். அவர் கணக்கு பதின்மூன்றிலேயே நின்றது. மேஜர் பெரெகுதோவ் அந்த நவம்பரில் கெர்ச் ஜலசந்திக்கு மேலே காணாமல் போனார். சவேலிச் ஜூலையில் விமானதளத்தில் விழுந்த குண்டில் செத்தார். உஸ்தீன்யாவின் காலை இடுப்போடு எடுத்தார்கள். அர்மவீரில் தையல் வேலை செய்து, அறுபத்தொன்பதாம் வருடத்தில் இறந்தாள். மெஸ்ஸர் பீரங்கியின் கணக்கில் ஏறியது. ஜெர்மன் விமானியை நாணல் ஓரத்திலேயே புதைத்தார்கள், பெயர் தெரியாது.